சத்திரம் வருகுது

'தம்பி' என்பது தமிழில் ஏதோ பெரிய பதவியின் பெயர் என்று கிரெக் கடைசிவரை நம்பிக்கொண்டிருந்தான். மெல்பர்னின் புறநகரான டண்டினொங்கில் லெட்டூஸும் கீரையும் கழுவிப் பையில் அடைக்கிற தொழிற்சாலை ஒன்றில் அவன் எங்கள் சூப்பர்வைசர். புதிதாகத் தமிழர் யாராவது வேலைக்கு வந்தால் நெஞ்சில் கை வைத்து, "ஐ ஆம் தம்பி" என்பான். வந்தவர்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டு குனிந்து தங்கள் ரப்பர் பூட்ஸைப் பார்ப்பார்கள்.

அந்தப் பட்டத்தைக் கொடுத்தவர் அன்ரி. மற்ற எல்லோரும் அவனை 'பாஸ்' என்றார்கள். முதலாளி வந்தால் 'சேர்' என்றார்கள். அன்ரியின் வாயில் இந்த இரண்டு சொல்லும் நுழையாது. கிரெக்கும் தம்பி, அவனுக்கு மேலே இருந்த மேனேஜரும் தம்பி, வருடத்துக்கு ஒருமுறை சூட்டுக்கு மேலே வெள்ளை அங்கி மாட்டிக்கொண்டு லைனைப் பார்க்க வரும் முதலாளியும் தம்பிதான். ஏன் இப்படி என்று ஒருநாள் கேட்டேன். "என்னைவிட வயசு குறைஞ்சவனைத் தம்பி எண்டு கூப்பிடாமல் தாத்தா எண்டோ கூப்பிடுறது?" என்றார். முதலாளிக்கு அறுபது வயதாவது இருக்கும், அன்ரிக்கு ஐம்பத்தைந்து. அதைச் சொல்லிக் காட்டியும் பயனில்லை.

நான் திருநெல்வேலிக்காரி. எங்கள் எழுத்தில் அவர் 'ஆன்ட்டி'. நான் கூப்பிட்டதும் அப்படித்தான். ஆனால் எழுத உட்கார்ந்தால் 'ஆன்ட்டி' என்கிற சொல்லுக்குள் அவர் வரமாட்டேன் என்கிறார். அது எங்கள் அபார்ட்மெண்ட் மாடியில் வற்றல் காயவைக்கிற யாரோ. 'அன்ரி' என்று எழுதினால்தான் குட்டையான, அகலமான, இரண்டு ஸ்வெட்டருக்கு மேல் மஞ்சள் வெஸ்ட் போட்ட அந்த யாழ்ப்பாணத்துக்காரி வந்து நிற்கிறார். ஆகவே அன்ரி.

கணவர் மேற்படிப்புக்கு வந்தபோது அவருடைய விசாவில் தொற்றிக்கொண்டு நானும் மெல்பர்ன் வந்தேன். அதற்கு முன் சென்னையில் ஒரு தமிழ் நாளிதழின் செய்திப் பிரிவில் ஆங்கிலத் தந்திகளைத் தமிழாக்குவது என் வேலை. இங்கே அந்தத் திறமையை வைத்துக்கொண்டு கீரை கழுவத்தான் முடிந்தது. காலை ஆறு மணிக்கு ஷிப்ட். குளிர்பதன அறை. என் வலது பக்கம் அன்ரி, இடது பக்கம் மித்ரா. மித்ரா ஈரானிலிருந்து அகதியாகப் படகில் வந்த பெண். முப்பது வயதிருக்கும். தற்காலிக விசாவில் இருந்தாள். எங்கள் மூவருக்கும் பொதுவாக இருந்தது உடைந்த ஆங்கிலமும் விறைத்துப்போன விரல்களும்தான்.

ஒரு தேநீர் இடைவேளையில் அன்ரியிடம் என் மானம் போன கதையைச் சொன்னேன். தில்லி நிருபர்கள் மாநிலக் கட்சித் தலைவர்களைப் பற்றி எழுதும்போது 'ரீஜனல் சாட்ரப்' என்று ஒரு சொல்லைப் போடுவார்கள். பழைய பாரசீகப் பேரரசில் ராஜாவின் பெயரால் ஒரு மாகாணத்தை ஆண்டவனுக்குச் சத்ரப் என்று பெயர். இன்றைக்கு அந்தச் சொல்லை யாரும் பாராட்டாகச் சொல்வதில்லை. மேலே இருப்பவனுக்கு வளைந்து, கீழே இருப்பவனை வளைக்கிற குட்டி ராஜாவைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம் எனக்கு இதெல்லாம் தெரியாது. சத்ரப் என்றால் சத்திரமாகத்தான் இருக்கும் என்று முடிவு கட்டி, 'கூட்டணியில் சேர பிராந்தியச் சத்திரங்கள் மறுப்பு' என்று தலைப்புக் கொடுத்துவிட்டேன். செய்தி ஆசிரியர் அதை அறையின் நடுவே நின்று உரக்கப் படித்தார். "எந்தச் சத்திரம்மா? சாப்பாடு உண்டா, படுக்க மட்டும்தானா?" என்று கேட்டார். ஆறு மாதம் என்னைச் சத்திரம் என்றே கூப்பிட்டார்கள்.

அன்ரி சிரித்த சிரிப்பில் கோப்பைத் தேநீர் மேசையில் கொட்டியது. மறுநாள் காலை லைனில் நின்றுகொண்டிருக்கிறோம். கிரெக் கையில் நேரம் பார்க்கும் கருவியோடு தூரத்தில் வருகிறான். அன்ரி திரும்பாமலே சொன்னார்.

"சத்திரம் வருகுது. கையை ஆட்டுங்கோ."

அன்றிலிருந்து எங்கள் லைனில் கிரெக் அஃறிணை. சத்திரம் நிற்குது, சத்திரம் முழிக்குது, சத்திரம் போன் கதைக்குது. அவனை நேரில் தம்பி என்றும் மறைவில் சத்திரம் என்றும் சொன்னோம். இரண்டுமே அவனுக்குப் புரியவில்லை.

நாங்கள் எதற்குச் சிரிக்கிறோம் என்று மித்ரா கேட்டாள். ஆங்கிலத்தில் விளக்கினேன். அவள் சிரிக்கவில்லை, முகம் சுண்டிவிட்டது. "அது எங்கள் சொல். கெட்ட சொல் இல்லை" என்றாள். கீரை நறுக்கும் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டுப் பள்ளிக்கூடத்தில் படித்ததைச் சொன்னாள். கிரேக்கர்கள் வாயில் விழுந்துதான் அது சத்ரப் ஆனது. பழைய பாரசீகத்தில் அதன் பொருள் நாட்டைக் காப்பவன். பிறகு அதுவே 'ஷஹ்ர்பான்' ஆனது, ஊரைக் காப்பவன். அவள் அப்பா காலத்தில் போலீஸ் இலாகாவுக்குக்கூட 'ஷஹ்ர்பானி' என்றுதான் பெயர். இதைச் சொன்ன பிறகு, போலீஸ் என்றதும் எங்கள் முகம் போன போக்கைப் பார்த்து, அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

காப்பவர்களையும் கண்காணிக்க ராஜா ஆள் வைத்திருந்தானாம். ராஜாவின் கண் என்று அவர்களுக்குப் பெயர். அன்ரி தலையை நிமிர்த்தி, லைனுக்கு மேலே சிவப்பு விளக்கோடு தொங்கிய கமராவைப் பார்த்தார். "பிள்ளை, ராசாவின்ர கண்ணுக்குக் கையைக் காட்டும்" என்றார். மூன்று பேரும் கமராவைப் பார்த்துக் கையாட்டினோம்.

அன்ரிக்குச் சத்ரப்புகளைப் பற்றிப் புத்தகம் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டிய தேவை இருக்கவில்லை. "நான் இருபத்திரண்டு வருசம் கச்சேரியில இருந்தனான்" என்று ஒருநாள் சொன்னார். எனக்குப் புல்லரித்தது. இப்படிப்பட்ட ஒருவர் கீரை கழுவுகிறாரே என்று மனசு பதறியது. "வாய்ப்பாட்டா, வயலினா ஆன்ட்டி?" என்று கேட்டேன். அவர் என்னை ஒரு நிமிடம் உற்றுப் பார்த்தார். "பாட்டில்லை. கைவேலை. ரெண்டு கையும் பத்து விரலும்" என்றார். மிருதங்கம் என்று முடிவு செய்துகொண்டேன். பெண் மிருதங்க வித்வான்! அந்தப் பொங்கலுக்கு எங்கள் தமிழ்நாட்டுக்காரர்கள் வாடகை ஹாலில் நடத்திய விழாவில் அவர் பெயரைக் கொடுத்துவிட்டேன். இருபத்திரண்டு ஆண்டு கச்சேரி அனுபவம் கொண்டவர் என்று மைக்கில் அறிவித்தார்கள். மிருதங்கத்தைக்கூட யாரிடமோ இரவல் வாங்கி மேடையில் வைத்திருந்தார்கள்.

அன்ரி சேலைத் தலைப்பை இழுத்துச் சொருகிக்கொண்டு மேடை ஏறினார். மிருதங்கத்தைச் சுற்றிக்கொண்டு போய் மைக்கைப் பிடித்தார். "எங்கட ஊரில கச்சேரி எண்டால் கவுண்மேந்து ஒபிஸ். மாவட்டத்தை ஆளுற ஜி.ஏ. இருக்கிற இடம். நான் அங்க ரைப் அடிச்சனான். இவ்வளவு தூரம் கூப்பிட்டிட்டியள், ஏதாவது செய்யத்தானே வேணும்" என்றார். பிறகு, மாட்டுக்குத் தடுப்பூசி போடுவது பற்றி ஜி.ஏ. அனுப்பிய ஒரு சுற்றறிக்கையை, எண், உட்பிரிவு, பிரதி யார் யாருக்கு என்பது வரை, மனப்பாடமாக ஒப்பித்தார். மூச்சு விடவில்லை. ஹாலில் கைதட்டல் அடங்க நேரமானது. எனக்குத்தான் கதிரைக்குக் கீழே போய் ஒளிந்துகொள்ளலாம் போலிருந்தது. 'கதிரை' என்ற சொல்கூட அவரிடமிருந்து ஒட்டிக்கொண்டதுதான்.

"ஒன்பது ஜி.ஏ.மாரைப் பாத்திட்டன்" என்பார். "எல்லாரும் ஒண்டுதான். கொழும்பைப் பாத்துக் கும்பிட்டுக்கொண்டு, எங்களைப் பாத்துக் காலை நீட்டிக்கொண்டு இருப்பினம்." அவர்கள் அறைக்குள் வரும்போது எல்லோரும் எழுந்து நிற்க வேண்டும். அன்ரி மட்டும் எழும்பமாட்டாராம். கை மெசினில் இருக்கும்போது எழும்பினால் வரி பிழையாகிவிடும் என்று சொல்லிவிடுவார். அப்படியானால் ஜி.ஏ. வரும் நேரம் பார்த்துத்தான் தட்டச்சு செய்வீர்களா என்றேன். "வேற என்னத்துக்கு மெசின் தந்தவை?" என்றார்.

இனி என் விஷயத்தைச் சொல்ல வேண்டும். 2012 ஜூனில், இங்கே குளிர்காலம் தொடங்கும்போது நான் மூன்று மாதக் கர்ப்பிணி. யாரிடமும் சொல்லவில்லை. நானும் மித்ராவும் ஏஜென்சி மூலம் வந்தவர்கள். ஞாயிற்றுக்கிழமை மாலை போனில் செய்தி வந்தால் அந்த வாரம் வேலை, வராவிட்டால் இல்லை. யாரும் யாரையும் வேலையை விட்டு எடுக்கவே தேவையில்லை, செய்தி அனுப்பாமல் இருந்தால் போதும். வயிறு தெரிந்தால் எனக்குச் செய்தி வராது என்பது நிச்சயம். புதிதாக யாரும் சேர்க்கவும் மாட்டார்கள். கணவரின் படிப்பு முடிய இன்னும் ஆறு மாதம். ஏழாம் மாதம் வரை எப்படியாவது இந்த இடத்தில் ஒட்டிக்கொண்டிருந்துவிட வேண்டும் என்று கணக்குப் போட்டிருந்தேன். இரண்டு ஸ்வெட்டர், தொளதொள அங்கி. நடுக்கும் குளிர் எனக்கு உதவியாக இருந்தது.

கழிப்பறைதான் உதவவில்லை. மணிக்கு ஒருமுறை போக வேண்டியிருந்தது. அந்த நேரம் பார்த்து கிரெக் ஒரு திட்டம் கொண்டுவந்தான். லைனுக்கு ஓர் அட்டை. பிளாஸ்டிக் உறை போட்டு, கழுத்தில் மாட்டும் கயிறு கட்டி, தூணில் தொங்கவிட்டான். அட்டையை மாட்டிக்கொண்டுதான் போக வேண்டும், ஒருவர் திரும்பிய பிறகுதான் அடுத்தவர். பதினெட்டுப் பேருக்கு ஒன்று.

அன்ரி அட்டையைக் கையில் எடுத்து முன்னும் பின்னும் பார்த்தார். "மூத்திரத்துக்கும் விசா எடுக்கோணுமோ?" என்றார். பிறகு அதைத் தன் கழுத்தில் மாட்டி, அங்கிக்குள் போட்டுக்கொண்டு கீரை கழுவத் தொடங்கிவிட்டார். அதன்பின் யாருக்கு எப்போது போக வேண்டுமோ அப்போது போனோம். அரை மணி கழித்து கிரெக் வந்தான்.

"அட்டை யாரிடம் இருக்கிறது?"

"என்னிடம், தம்பி" என்றார் அன்ரி, ஆங்கிலத்தில்.

"நீங்கள் இங்கேதானே நிற்கிறீர்கள்?"

"ஆம். நான் போய் வந்துவிட்டேன்."

கிரெக் காலியாக இருந்த நான்கு இடங்களைப் பார்த்தான். அன்ரியைப் பார்த்தான். சட்டப்படி கழிப்பறையில் இருக்க வேண்டியவர் லைனில் நிற்கிறார், லைனில் நிற்க வேண்டியவர்கள் இல்லை. இதை எந்தப் படிவத்தில் எழுதுவது என்று அவனுக்குத் தெரியவில்லை. மூன்று நாள் இந்தக் கூத்து நடந்தது. நான்காம் நாள் தூணில் ஆணி மட்டும் இருந்தது.

அடுத்த மாதம் அந்த அன்ரியேதான் ஆரஞ்சு வெஸ்ட் போட்டுக்கொண்டு வந்து நின்றார்.

மஞ்சள் போட்டவர்கள் தொழிலாளிகள். ஆரஞ்சு என்றால் டீம் லீடர். உங்கள் ஆட்கள் நீங்கள் சொன்னால் கேட்கிறார்கள், ஆகவே நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்று கிரெக் சொல்லியிருக்கிறான். அன்ரி சரி என்றுவிட்டார். ராஜாக்கள் அந்தக் காலத்தில் செய்ததும் இதைத்தானே? அடங்காத ஊரில் அடங்காத ஆளைப் பார்த்து, அவன் தலையிலேயே ஒரு தொப்பியை வைத்து, இனி உன் ஊரை நீயே அடக்கு என்று விட்டுவிடுவது. இவ்வளவு வாய் பேசிய மனுஷி ஒரு வெஸ்டுக்கு விலைபோய்விட்டாரே என்று நினைத்தேன். அவர் காதில் விழும்படியாகவே மித்ராவிடம் சொன்னேன், தமிழில், அவளுக்குப் புரியாது என்று தெரிந்தும்: "சத்திரம் வருது, கையை ஆட்டு."

அன்ரி நின்றார். முகத்தில் கோபம் எதுவும் இல்லை.

"சத்திரம் எண்டால் என்ன பிள்ளை? வழியில வாற போற சனம் தங்குற இடந்தானே. நான் சத்திரமா இருக்கிறன், உமக்கென்ன?" என்றார்.

எனக்கு அது வாய்ஜாலமாகப் பட்டது. போதாக்குறைக்கு அடுத்த நாளே என்னை லைனிலிருந்து எடுத்து லேபிள் ஒட்டும் மேசையில் போட்டார். ஒரு மூலை, ஒரு ஸ்டூல். கை மெதுவாக இருப்பவர்களைத் தள்ளிவைக்கிற இடம் அது. லைனில் எல்லோரும் பார்க்க, "நீர் அங்க போய் இரும்" என்று கை நீட்டிச் சொன்னார். அவமானத்தில் எனக்குக் காது சுட்டது. இரண்டு வாரம் அவரோடு பேசவில்லை. டண்டினொங் ஸ்டேஷனிலிருந்து ஒரே பஸ்ஸில்தான் வருவோம். அவர் முன்னால் ஏறினால் நான் பின்னால் போய் உட்கார்ந்துகொள்வேன். அவர் ஒருநாள்கூடத் திரும்பிக் கேட்கவில்லை. அதுவும் எனக்குக் கோபம்.

ஜூலையில் ஆர்டர் குறைந்தது. அந்தக் குளிரில் யார் பச்சை இலை தின்பார்கள்? ஒரு புதன்கிழமை கிரெக் அன்ரியை அலுவலகத்துக்குக் கூப்பிட்டான். அவர் திரும்பி வந்து, தேநீர் அறையில் எல்லோரும் இருக்கும்போது, பிஸ்கட் டப்பாவைத் திறந்துகொண்டே சொன்னார்.

"ரெண்டு பேரின்ர பேர் கேக்கிறான். எங்கட லைனில ஆரை நிப்பாட்டுறதெண்டு நான் எழுதிக் குடுக்கவேணுமாம். வெள்ளிக்கிழமைக்குள்ள."

யாரும் யாரையும் பார்க்கவில்லை. என் தலைக்குள் கணக்கு ஓடியது. பதினெட்டுப் பேரில் மெதுவான கை என்னுடையது, அதை அவரே ஊரறிய மூலையில் உட்கார வைத்துவிட்டார். அவர் முகத்துக்கு நேரே சத்திரம் என்றதும் நான்தான். யாராக இருந்தாலும் என் பெயரைத்தான் முதலில் எழுதுவார்கள். நானாக இருந்தாலும் அதைத்தான் எழுதுவேன். வியாழக்கிழமை நான் லேபிள் ஒட்டிய பாதிப் பைகளில் தேதி கோணலாகப் போனது. அவரிடம் போய்க் காலில் விழலாமா என்றுகூட யோசித்தேன். வீம்பு விடவில்லை.

வெள்ளிக்கிழமை மதியம், ஷிப்ட் முடிய ஒரு மணி நேரம் இருக்கையில், அன்ரி அலுவலகத்துக்குப் போனார். அந்த அறைக்குக் கண்ணாடிச் சுவர். என் மேசையிலிருந்து நன்றாகத் தெரியும். கிரெக் இருக்கையைக் காட்டினான், அன்ரி உட்கார்ந்தார். ஒரு தாளை அவன் முன்னால் வைத்தார். அவன் அதைத் திருப்பிப் பார்த்தான். மறுபடியும் திருப்பினான். இரண்டு பக்கமும் வெள்ளையாக இருந்தது எனக்கு இங்கிருந்தே தெரிந்தது. அவன் பேனாவை நீட்டினான். அன்ரி கையை மடியிலிருந்து எடுக்கவில்லை. அவன் எழுந்தான், உட்கார்ந்தான், கையை விரித்தான். கடைசியில் தாளைத் தன் பக்கம் இழுத்துத் தானே எழுதினான்.

கிரெக் வெளியே வந்து தேநீர் அறையில் படித்தான். முதல் பெயர் என்னுடையது. இரண்டாவது மித்ரா. திங்கட்கிழமை முதல் வர வேண்டாம், நன்றி, ஏதாவது இருந்தால் ஏஜென்சி கூப்பிடும். மித்ரா தலையிலிருந்து வலைத் தொப்பியைக் கழற்றி, சின்னதாக மடித்து, அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். எனக்கு அழுகை வரவில்லை.

ஜிப் இழுபடும் சத்தம் கேட்டது. அன்ரி ஆரஞ்சு வெஸ்டைக் கழற்றிக்கொண்டிருந்தார். அதை மேசையில் விரித்து, இரண்டு கையாலும் நீவி வைத்தார்.

கிரெக் பதறிப்போனான். "இல்லை இல்லை, நீங்கள் இல்லை. நீங்கள் பெர்மனன்ட். உங்களுக்கு ஒன்றும் ஆகாது."

"தெரியும், தம்பி" என்றார் அன்ரி. அவருடைய ஆங்கிலம் அலுவலகக் கடிதம் போல நிறுத்தி நிறுத்தி வரும். "அவர்களை நீ வேலையிலிருந்து எடுத்தாய். அது உன் கையெழுத்து. என் கையெழுத்து வேண்டும் என்று நீ கேட்டாய். அதற்காகத்தான் எனக்கு இந்த உடுப்பைத் தந்தாய். உடுப்பைத் திருப்பித் தருகிறேன்."

"மஞ்சளைப் போட்டுக்கொள்ளுங்கள், பழைய இடத்துக்கே போங்கள்."

"போகிறேன். ஆனால் இங்கே இல்லை."

அன்ரிக்கு அது ஆறு வருட வேலை. நாங்கள் மூன்று பேரும் வெளியே வந்து பஸ் நிறுத்தத்தை நோக்கி நடந்தோம். லாரிகள் போகிற அகன்ற சாலை, ஓரத்தில் நடைபாதைகூடக் கிடையாது. எனக்குப் பொறுக்கவில்லை. "உங்க பேர் அதுல இல்லையே ஆன்ட்டி. எதுக்கு எங்களுக்காக இப்படிப் பண்ணீங்க?" என்றேன்.

"உங்களுக்காக ஆர் செய்தது?" என்றார். நடந்துகொண்டே கச்சேரிக் காலத்துக் கதை ஒன்றைச் சொன்னார். போரில் இடம்பெயர்ந்த சனத்துக்கு நிவாரண அட்டை கொடுத்த காலம். பட்டியல் நீண்டுவிட்டது, குறைக்கச் சொல்லிக் கொழும்பு ஜி.ஏ.க்கு எழுதியது. ஜி.ஏ. சில பெயர்களின் மேல் பேனாவால் கோடு போட்டுத் தந்தார். அன்ரி அந்தப் பெயர்களை விட்டுவிட்டுப் புதுப் பட்டியலைச் சுத்தமாகத் தட்டச்சு செய்தார்.

"எங்கட வீட்டு ஒழுங்கையில இருந்த மனிசி ஒண்டு. ரெண்டு கைக்குழந்தை. அவவின்ர பேரிலயும் கோடு. அடுத்த நாள் கச்சேரி வாசலில வந்து நிண்டு, நீயோ அடிச்சனி எண்டு கேட்டா. நான் அடிச்சது மட்டுந்தான், வெட்டினது ஜி.ஏ. எண்டு சொன்னனான். அவ என்ர கையைப் பிடிச்சு விரலைப் பாத்திட்டு, இது ஜி.ஏ.யின்ர விரலோ எண்டு கேட்டா." அன்ரி கையை ஸ்வெட்டர் பைக்குள் விட்டுக்கொண்டார். "அதுக்குப் பிறகும் பதினொரு வருசம் அங்கதான் அடிச்சுக்கொண்டிருந்தனான், பிள்ளை. எழும்பி நிக்காமல் இருந்தது பெரிய வீரமெண்டு நினைச்சுக்கொண்டு."

மித்ராவுக்கு இதை ஆங்கிலத்தில் சொன்னேன். அவள் அன்ரியின் கையைப் பைக்குள்ளிருந்து எடுத்துத் தன் கையில் வைத்துக்கொண்டாள். பஸ் வரும்வரை விடவில்லை.

ஏறி உட்கார்ந்த பிறகு நான் மன்னிப்புக் கேட்கத் தொடங்கினேன், வெஸ்டுக்கு, பேசாமல் இருந்ததற்கு, எல்லாவற்றுக்கும் சேர்த்து. அன்ரி பாதியில் கையை உயர்த்தி நிறுத்தினார்.

"உம்மை ஏன் லேபிள் மேசையில இருத்தினனான் எண்டு நினைச்சனீர்? மூண்டு பிள்ளை பெத்தவளுக்கு நடை தெரியாதோ? அந்தப் பக்டரியில இருந்தது ஒரேயொரு ஸ்டூல். அதை எடுக்க அந்தச் சட்டையைப் போடவேண்டியிருந்தது."

எனக்கு அப்போதுதான் அழுகை வந்தது. பஸ்ஸில் எல்லோரும் பார்க்கும்படி அழுதேன். அவர் தேற்றவில்லை, பையிலிருந்து கைலேஞ்சியை எடுத்துக் கொடுத்துவிட்டு ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். "திங்கள் காலமை எட்டு மணிக்கு ஸ்டேசனில நில்லுங்கோ ரெண்டு பேரும். இந்த ஊரில பக்டரி இது ஒண்டுதானோ?" என்றார்.

திங்கட்கிழமை நாங்கள் முதலில் ஏறிய படி ஒரு மாவுப் பண்டத் தொழிற்சாலையினுடையது. வாசலில் இருந்த பெண் மூவருக்கும் படிவம் கொடுத்தாள். பெயர், முகவரி, முன்பு வேலை செய்த இடம், அதை விட்ட காரணம். அன்ரி மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, தட்டச்சு எழுத்துப் போலத் தனித்தனியாக, பெரிய ஆங்கில எழுத்தில் நிரப்பினார். காரணம் என்ற கட்டத்தில் அவர் எழுதியது இவ்வளவுதான்: 'இரண்டு பெயர் கேட்டார்கள். கொடுக்கவில்லை.'

அந்தப் பெண் படித்துவிட்டு முகத்தைச் சுளித்தாள். இப்படி எழுதினால் உள்ளே இருப்பவர்களுக்குப் பிடிக்காது, சொந்தக் காரணம் என்று மாற்றிவிடுங்கள், எல்லோரும் அப்படித்தான் எழுதுவார்கள் என்றாள். நல்ல மனசோடுதான் சொன்னாள்.

"காரணம் கேட்டிருக்கிறீர்கள். இதுதான் காரணம்" என்றார் அன்ரி. பேனாவை மூடி மித்ராவிடம் கொடுத்தார். மித்ரா அன்ரியின் படிவத்தை எட்டிப் பார்த்து, தன் கட்டத்தில் 'பெயர் எழுதப்பட்டேன்' என்று எழுதினாள்.

பேனா என்னிடம் வந்தது. காரணத்தை எழுதினேன். அதற்குக் கீழே இன்னொரு கட்டம் இருந்தது, வேலைக்கு முன் நாங்கள் தெரிந்துகொள்ள வேண்டிய உடல்நிலை ஏதாவது உண்டா என்று. வீட்டிலிருந்து வரும்போதே அதற்கு 'இல்லை' என்று பதில் தயாராக வைத்திருந்தேன். மேல் ஸ்வெட்டரைக் கழற்றிக் கதிரையின் முதுகில் போட்டேன். ஐந்து மாதம் என்று எழுதி, கீழே என் முழுப் பெயரையும் போட்டுக் கையெழுத்து வைத்தேன்.